ஒடிசாவில் மழை, ஸ்ரீரங்கத்தில் விளக்கு

மாணவர்களே! ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் எரியும் மின்விளக்குக்கும் ஒடிசாவில் பெய்யும் மழைக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

திருச்சியை அடுத்த திருவெறும்பூரில், 'பெல்' தொழிற்சாலையில் அனல் மின் நிலையங்களுக்கான கொதிகலன்கள் செய்யப்படுகின்றன. கொதிகலனில் நிலக்கரி எரிந்து நீரை நீராவியாக்குகிறது. நீராவி டர்பைனைச் சுழற்ற, மின்சாரம் கிடைக்கிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி தேவை. 210 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 டன்னுக்கு மேல் வேண்டும். ஏறக்குறைய ஒரு சரக்கு ரயில் நிறைய!

நெடும் பயணம்

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. கறுப்பு நிலக்கரியின் பெரும் பகுதி ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் சேர்ந்து, கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. அங்குள்ளவை பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கங்கள். பெருமழையில் குழிகளில் நீர் தேங்கும். லாரிகள் சேற்றில் சிக்கும். நனைந்த நிலக்கரியை எரித்தாலோ, வெப்பத்தின் ஒரு பகுதி ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

2021 அக்டோபர் தொடக்கத்தில் இந்திய அனல் மின் நிலையங்களில் சராசரியாகச் சுமார் 4 நாள்களுக்கான நிலக்கரியே இருந்தது. தொழிற்சாலைகள் மீண்டும் இயங்கியதால் மின் தேவை உயர்ந்திருந்தது. சுரங்கப் பகுதிகளிலோ கனமழை.

வெளிநாட்டில் வாங்கலாமே?

அங்கும் தட்டுப்பாடுதான். தன் மின் நிலையங்களுக்கே போதவில்லை என்று 2022 ஜனவரியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. உக்ரைன் போருக்குப் பின், அவ்வாண்டு மார்ச்சில் ஆஸ்திரேலிய நிலக்கரியின் விலை டன்னுக்கு 400 டாலரைத் தாண்டியது.

விலை கட்டினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நம் நிலக்கரியில் நூற்றுக்கு 35 முதல் 45 பங்கு வரை சாம்பல். அதற்கேற்பவே நம் கொதிகலன்கள் வடிவமைக்கப்படுகின்றன. இந்தோனேசிய நிலக்கரியில் சாம்பல் குறைவு, ஈரம் அதிகம், எளிதில் தீப்பற்றும். ஆகவே அதை ஓரளவே கலக்க முடியும்.

ஆறுதலான செய்தி ஒன்று. ஒடிசாவின் சுரங்கங்களை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளையும் வேகமாகச் சுழற்றுகிறது. காற்று ஓயும் அக்டோபருக்குள் கையிருப்பைச் சேர்த்துவைப்பதே மின் வாரியத்தின் சாமர்த்தியம்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டு மின் அட்டையில் இரண்டு மாதத்திற்கான யூனிட்டுகளைப் பாருங்கள். அதை 0.7 ஆல் பெருக்குங்கள். மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்தே வந்ததாகக் கொண்டால், 200 யூனிட்டுக்கு 140 கிலோ! உங்கள் வீட்டுக் கணக்கு எவ்வளவு?