வழிநூலும் வழிப்படமும்

பெங்களூருவிலிருந்து மைசூருவுக்குச் செல்லும் வழியில் இராமநகரம் என்னும் ஊர் உள்ளது. பெருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற மொட்டைக் குன்றுகள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மும்பையிலிருந்து வந்த படக்குழு ஒன்று அக்குன்றுகளின் அடியில் ஒரு சிற்றூரையே எழுப்பியது. திரையில் அவ்வூரின் பெயர் ராம்கர். அங்கே பேசப்பட்ட மொழி இந்தி. நின்ற மண் கன்னட மண். கதையின் சட்டகமோ அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தையும் சப்பானின் வயல்வெளியையும் கடந்து வந்தது. ரமேஷ் சிப்பி இயக்கிய 'ஷோலே' என்னும் அப்படம் 1975 ஆகஸ்டு 15 அன்று வெளியாயிற்று.

படத்தின் தொடக்க வரவேற்பு மந்தமாகவே இருந்தது. மேலைநாட்டுப் படவகை ஒன்றை இந்திய மண்ணில் நட முயன்றிருக்கிறார்கள், அது வேர் பிடிக்கவில்லை என்ற கருத்து அக்கால விமர்சனத்தில் ஒலித்தது. அவ்வாண்டின் ஃபிலிம்பேர் விருதுகளில் படத்தொகுப்புக்கான ஒரே விருதைத்தான் அது பெற்றது. பின்னர் மும்பையின் மினர்வா திரையரங்கில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக ஓடியதும், 2005இல் அதே ஃபிலிம்பேர் அமைப்பு ஐம்பது ஆண்டுகளின் சிறந்த படமாக அதனைத் தெரிந்தெடுத்ததும் வேறு கதை. ஆயினும் மக்கள் திரண்டு பார்த்தார்கள் என்பது முதலில் எழுந்த ஐயத்துக்கு விடையாகிவிடாது. பழைய படவகை ஒன்றுக்கு வணக்கம் செலுத்தி எடுக்கப்படும் படத்தைக் கலைப்படைப்பாக மதிக்கலாமா, அல்லது கைதேர்ந்த நகல் என்று ஒதுக்கிவிட வேண்டுமா?

தமிழ் இலக்கணம் கற்றவர்களுக்கு இவ்வினா புதியதன்று. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகையாகப் பகுக்கிறார் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துச் சென்று, பின்னோர் தமக்கு வேண்டிய வேறுபாட்டையும் கூறி, மரபு அழியாமல் நிற்பதே வழிநூல் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணத்தில் வழிநூல் இழிவாகப் பேசப்படவில்லை. ஆனால் இரு பொறுப்புகள் அதன்மேல் சுமத்தப்பட்டுள்ளன: மரபை அழித்தலாகாது, தனக்கென ஒரு வேறுபாடு இருத்தல் வேண்டும். வான்மீகியின் இராமாயணத்தில் சீதையைத் தீண்டித் தூக்கிச் செல்லும் இராவணன், கம்பனிடத்தில் அவளைத் தீண்டாது பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். கதை அதுவே, வேறுபாடு கம்பனுடையது. கம்பனை நகலெடுத்தவன் என்று எவரும் சொல்வதில்லை. இந்த அளவுகோல் திரைப்படத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.

ஷோலேயின் முன்னோர் வரிசை நீண்டது. குதிரை வீரர்கள், துப்பாக்கிகள், சட்டம் எட்டாத சிற்றூர்கள் ஆகியவற்றைக் கொண்ட வெஸ்டர்ன் என்னும் படவகையை அமெரிக்காவில் ஜான் ஃபோர்டு போன்ற இயக்குநர்கள் செழிக்கச் செய்தனர். ஃபோர்டின் படங்களைப் பெரிதும் மதித்தவர் சப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா. அவர் 1954இல் எடுத்த 'செவன் சாமுராய்' படத்தில், அறுவடையைக் கொள்ளையரிடமிருந்து காக்க ஏழை உழவர்கள் தலைவனற்ற போர்வீரர்களை அமர்த்துகின்றனர். 1960இல் அக்கதை அமெரிக்காவுக்கே திரும்பி, 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' என்ற வெஸ்டர்ன் படமாயிற்று. இத்தாலியரான செர்ஜியோ லியோனி அமெரிக்க வெஸ்டர்ன் படங்களைத் தம் பாணியில் மாற்றி எழுதினார். சலீம்-ஜாவேத் இணை எழுதிய ஷோலேயில் இவர்கள் அனைவரின் சாயலும் தெரிகிறது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைப் பிடிக்க ஜெய், வீரு என்னும் இரு திருடர்களை அமர்த்துகிறார். ஏழு வீரர்கள் இருவராகிவிட்டனர். உழவர்களின் அச்சமும் அவர்களுடைய தானியமும் அப்படியே இருக்கின்றன.

லியோனியின் 1968ஆம் ஆண்டுப் படமான 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' ஷோலேக்கு மிக நெருங்கிய உறவு. அதில் ஒரு பண்ணைவீட்டின் முற்றத்தில் விருந்துக்கு ஆயத்தமாகும் குடும்பம் சுட்டுக் கொல்லப்படுகிறது; இறுதியில் எஞ்சி நிற்பவன் ஒரு சிறுவன். ஷோலேயில் தாக்கூரின் குடும்பமும் முற்றத்தில் ஒருவர்பின் ஒருவராகச் சுடப்படுகிறது. அங்கும் இறுதியில் நிற்பவன் சிறுவனே. இரு காட்சிகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் எவரும் கடனை மறுக்க இயலாது. இங்கேயே நின்றுவிட்டால் ஷோலேயை நகல் என்று சொல்வதில் பிழையில்லை.

ஆனால் இரு படங்களும் இவ்விடத்தில்தான் பிரிகின்றன. இரண்டிலும் அக்கொலையிலிருந்து தப்புபவள் அங்கில்லாத ஒரு பெண். லியோனியின் படத்தில் அவள் புதிதாக மணந்து வந்த ஜில். கணவனின் நிலம் அவளுக்கு உரிமையாகிறது. இருப்புப்பாதை அந்நிலத்தின் வழியே வருகிறது. எழப்போகும் ஊரின் நடுவில் அவள் நிற்கப் படம் முடிகிறது. ஷோலேயில் தப்புபவள் தாக்கூரின் மருமகள் ராதா. கணவனை இழந்தபின் அவளுக்கு எஞ்சுவன வெள்ளைப் புடவையும் மாமனாரின் வீடுமே. கைம்பெண் மறுமணத்துக்கு 1856ஆம் ஆண்டே சட்டம் இடம் தந்திருந்தது. சட்டம் வந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் ஊர் இடம் தரவில்லை. ஜில்லின் இடத்தில் ராதாவை நிறுத்தியவுடன், வெஸ்டர்ன் படவகை அதுவரை கேளாத வினா ஒன்றைக் கேட்க நேர்கிறது.

மவுத் ஆர்கன் என்னும் வாயிசைக் கருவி இதற்கு மேலும் தெளிவான சான்று. லியோனியின் நாயகனுக்குப் பெயரே அக்கருவியின் பெயர்தான். சிறுவனாக இருந்தபோது அண்ணனின் கொலையை அவன் காண நேர்ந்தது. அவ்வேளையில் கொலையாளி அவன் வாயில் திணித்த கருவி அது. அதன் ஒலி கேட்கும்போதெல்லாம் பழிவாங்கல் நெருங்குகிறது என்று பார்வையாளர் அறிவர். ஷோலேயில் அதே கருவி ஜெய்யின் கைக்கு வருகிறது. அந்தி சாய்ந்தபின் ராதா மாடத்தில் நின்று விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறாள்; கீழே படியில் அமர்ந்து ஜெய் வாசிக்கிறான். இருவரும் பேசுவதில்லை. பேசவும் இயலாது, ஒருவன் திருடன், மற்றொருத்தி கைம்பெண். பழியின் ஒலியாக இருந்தது இங்கே சொல்ல முடியாத அன்பின் ஒலியாகிவிட்டது. பவணந்தியார் கேட்ட வேறுபாடு இதுவே. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா அந்தி வெளிச்சத்துக்காகக் காத்திருந்து இக்காட்சியைப் பல நாள்களில் எடுத்தார். நாள்தோறும் அவ்வொளி சில நிமிடங்களே நிற்கும்.

தாக்கூர் ராதாவின் தந்தையிடம் சென்று மறுமணத்தைப் பற்றிப் பேசுகிறார். உலகம் என்ன சொல்லும் என்று அஞ்சும் தந்தையும் ஒருவாறு இசைகிறார். பின்னர் ஜெய் இறக்க, ராதா தன் சாளரக் கதவை மூடிக்கொள்கிறாள். மறுமணத்தைத் திரையில் நிகழ்த்தப் படக்குழுவுக்குத் துணிவில்லை என்று இதனைக் குறைகூறலாம். அக்குறையில் உண்மை உண்டு. எனினும் அக்கதவு மூடப்படும்போது பார்வையாளர் நெஞ்சில் எழும் வருத்தம், அது திறந்தே இருந்திருக்க வேண்டும் என்று அவர்களையே சொல்லவைக்கிறது.

ஷோலே முழுவதும் இத்தரத்தது என்று கொள்ள வேண்டியதில்லை. சிறை அதிகாரி வரும் நகைச்சுவைப் பகுதி, சார்லி சாப்ளினின் 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்துச் சர்வாதிகாரியை மீசையாலும் நடையாலும் நினைவூட்டுகிறது. சாப்ளின் அந்த மீசையைக் கொண்டு இட்லரை எதிர்த்தார். இங்கே அது சிரிப்பு மூட்டுவதோடு நின்றுவிடுகிறது. ஒரே படத்துக்குள் வழிநூலும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடும்.

கடனை ஒப்புக்கொள்ளுதல் என்பது இன்னொன்று. குரோசாவாவின் 'யோஜிம்போ' (1961) கதையை இசைவு பெறாமல் தழுவி லியோனி 1964இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தை எடுத்தார். வழக்கு எழுந்தது, வருவாயில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அப்படம் வெஸ்டர்ன் வகையையே புதுப்பித்தது உண்மை. பிறர் உழைப்பைச் சொல்லாமல் எடுத்துக்கொண்டதும் உண்மை. ஒன்று மற்றொன்றைத் துடைத்துவிடாது. ஷோலேயும் பின்னாளில் கடன் கொடுக்கும் நிலைக்கு வந்தது. 2007இல் ராம் கோபால் வர்மா அதனை மும்பை நகரப் பின்னணியில் மறுபடி எடுத்து, முன்பு ஜெய்யாக நடித்த அமிதாப் பச்சனையே கொடியவனாக்கினார். படம் தோல்வியுற்றது. பதிப்புரிமை வழக்கில் 2015இல் தில்லி உயர்நீதிமன்றம் 10 இலட்சம் ரூபாய் விதித்தது. பலரிடம் கடன் பெற்ற படத்தின் உரிமையாளர்களே வழக்குத் தொடுத்தார்கள் என்று புன்னகைக்கலாம். ஆனால் அந்த மறு ஆக்கத்தில் ராதாவின் விளக்குகளுக்கு இணையான ஒரு காட்சியைத் தேடினால் கிடைக்காது. அதன் தோல்விக்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை.

பழைய படவகைக்குத் திரும்புவதால் புதிதாக ஒன்றைக் கூற இயலும் என்பதற்குத் தென்னாட்டிலும் சான்றுண்டு. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிக் கமல்ஹாசன் நடித்த 'புஷ்பக விமானா' (1987) உரையாடலே இல்லாத படம். ஊமைப்படக் காலத்தை நினைவூட்டினும் அது ஊமைப்படமன்று. தெருவின் இரைச்சல், கதவின் ஒலி எல்லாம் கேட்கும். பேச்சு மட்டும் இல்லை. தெருவில் ஒரு பிச்சைக்காரன் இறந்து கிடக்க, கூட்டம் அவன் சேர்த்து வைத்த பணத்துக்காக முட்டி மோதும் காட்சியில் எவரும் ஒரு சொல்லும் பேசாதது கூசச் செய்கிறது. பல மொழி பேசும் மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து, மொழிபெயர்ப்பின்றிப் பார்க்கத்தக்க இந்தியப் படம் இது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஷோலேயின் முடிவு பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. கைகள் வெட்டப்பட்ட தாக்கூர் தம் கால்களாலேயே கப்பரைக் கொல்வதாகத்தான் முதலில் படம்பிடிக்கப்பட்டது. அது நெருக்கடி நிலைக் காலம். சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் முன்னாள் காவல் அதிகாரியைத் தணிக்கை வாரியம் ஏற்கவில்லை. காவலர்கள் வந்து கப்பரைக் கைது செய்வதாக முடிவு மாற்றப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, பழைய படச்சுருள்களிலிருந்து மீட்டெடுக்கப்பட்ட ஷோலே, தன் முதல் முடிவோடு 2025 சூன் மாதத்தில் திரையிடப்பட்டது. திரையிட்ட இடம் லியோனியின் நாடான இத்தாலியில், போலோஞா நகரத்துச் சதுக்கம்.