பலகை இல்லாத இஞ்சினீயர்

கோவை கணபதியில், காலை வேளையில் சத்தி ரோட்டோரம் நின்றால் இரண்டு கூட்டங்களைப் பார்க்கலாம். ஒன்று, லேத் பட்டறைகளுக்குப் போகும் தொழிலாளர் கூட்டம். மற்றொன்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சரவணம்பட்டிக்கும் கீரநத்தத்துக்கும் வண்டி ஏறும் இளைஞர் கூட்டம். “தம்பி என்ன பண்றாருங்க?” என்று கேட்டால், “சாஃப்ட்வேர் இஞ்சினீயருங்க” என்று பெற்றோர் பெருமையுடன் சொல்வார்கள். கல்யாணப் பேச்சுக்கு அது போதும்!

ஆனால், வீதிக்குள் நுழைந்து பாருங்கள். டாக்டர் வீட்டில் பெயர்ப்பலகை தொங்குகிறது. வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் உண்டு. சாஃப்ட்வேர் இஞ்சினீயருக்கு மட்டும் பலகை இல்லை!

சட்டம் காக்காத பட்டம்

காரணம் இருக்கிறது. வக்கீல் தொழிலுக்கு 1961-ம் வருஷத்துச் சட்டமும் பார் கவுன்சிலும் உண்டு. ஆடிட்டருக்கு 1949-ம் வருஷத்துச் சட்டம். டாக்டர், மருத்துவப் பதிவேட்டில் இடம் பெற வேண்டும். பட்டறையில் டர்னராக இருப்பவரிடம்கூட ஐ.டி.ஐ. படித்த தேசியத் தொழிற் சான்றிதழ் இருக்கலாம். சாஃப்ட்வேர் இஞ்சினீயருக்கு இந்தியாவில் இத்தகைய சட்டப் பதிவு எதுவும் இல்லை. கம்பெனி வழங்கும் உத்தியோகப் பெயரே அவருடைய பட்டம்.

நாயுடு தொடுத்த வழக்கு

படிப்பா, திறமையா என்ற வழக்கு கோவைக்குப் புதிதல்ல. 1945-ல் இங்கே ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி அமைய முன்னின்ற ஜி.டி. நாயுடு, அதன் பிரின்ஸிபாலாகவும் இருந்தார். நான்கு வருஷ இஞ்சினீயரிங் படிப்பு கால விரயம், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் இசையவில்லை, அவர் விலகினார்.

அமெரிக்காவின் அனுபவம்

அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணம் 1998-லேயே சாஃப்ட்வேர் இஞ்சினீயருக்கு லைசென்ஸ் வழங்க முன்வந்தது. 2013-ல் அதற்கென நாடு தழுவிய பரீட்சையும் ஏற்பட்டது. ஐந்து முறை நடந்த அந்தப் பரீட்சையை எழுதியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மொத்தமே 81 பேர்! 2019-ல் அதை நிறுத்திவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமலே வேலை கிடைக்கும்போது பரீட்சைக்கு யார் போவார்கள்?

இரண்டு பக்கமும் நியாயம்

கதவு திறந்திருப்பதால் நன்மை உண்டு. பி.எஸ்ஸி. படித்தவரும் டிப்ளமாக்காரரும் இத்தொழிலில் நுழைய முடிகிறது. ஆயினும், ‘பி.இ. மட்டுமே’ என்று விளம்பரம் செய்யும் கம்பெனியின் வாசலில், தானே கற்றுத் தேர்ந்த ஏழைப் பிள்ளை நின்றுவிடுகிறான். இவர்களைப் போன்றோருக்காகவே மத்திய சர்க்கார் 1990-ல் ‘டோயக்’ திட்டத்தைக் கொண்டுவந்தது. ஓ, ஏ, பி, ஸி எனப் படிப்படியான பரீட்சைகள் அதில் வகுக்கப்பட்டன. 2011-ல் அந்த ஸ்தாபனம் ‘நைலிட்’ என்று பெயர் மாறியது.

பொதுமக்களின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பாங்கிக் கணக்கும், ரயில் டிக்கெட்டும், ஆஸ்பத்திரி யந்திரமும் இன்று சாஃப்ட்வேரை நம்பியே ஓடுகின்றன. பெரும் பிழை செய்த டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பிழையான புரோகிராம் எழுதியவர் பெயரை எதிலிருந்து நீக்குவது?

கணபதிப் பட்டறையில் கடைந்த சாமானை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். கடைந்தவர் எத்தனை வருஷம் படித்தார் என்று அந்தக் கருவி கேட்பதில்லை. மயிரிழை பிசகினாலும் விடுவதுமில்லை. சாஃப்ட்வேருக்கும் அப்படி வேலையை அளக்கும் சோதனை ஒன்று வரட்டும். பிறகு பலகையைத் தாராளமாக மாட்டிக்கொள்ளலாம்!