வாடலைத் தாங்கும் குதிரைமசால்

ஒருமுறை விதைத்தால் நான்கைந்து ஆண்டுகள் நின்று, ஆண்டுதோறும் பல அறுப்புகள் கொடுக்கும் குதிரைமசால், கறவை மாடுகளுக்குப் புரதம் மிகுந்த தீவனமாக உலகின் பல நாடுகளில் பயிராகிறது. அந்த நீண்ட ஆயுளையே 1920களில் அமெரிக்காவில் பாக்டீரியா வாடல் நோய் குலைக்கத் தொடங்கியது. உறைபனியாலும் அறுப்புக் கருவியாலும் ஏற்படும் காயங்கள் வழியே நுழையும் கிருமி, நீரை மேலே கொண்டுசெல்லும் நாளங்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுவதால், செடிகள் வெளிறிக் குட்டையாகி, மூன்றாம் ஆண்டு வாக்கில் வயல் திட்டுத்திட்டாக வெறுமையாகிவிடும். நாளத்துக்குள் வாழும் கிருமியை மருந்து தெளித்து அகற்ற முடியாத நிலையில், நோயைத் தாங்கும் இரகத்தை உருவாக்குவதே உழவரைக் காக்கும் வழியாக இருந்தது.

நெப்ராஸ்கா ஆய்வு நிலையமும் அமெரிக்க வேளாண்மைத் துறையும் சேர்ந்து 1942இல் வெளியிட்ட 'ரேஞ்சர்' இரகம் அப்படிப் பிறந்ததே. அதன் மூலவித்துகளில் பெரும்பங்கு மத்திய ஆசியத் துருக்கிஸ்தான் வகையும், ரஷ்யாவிலிருந்து வந்த 'கோசாக்' வகையும் ஆகும். நம் லடாக் பகுதியிலிருந்து சென்ற விதைக்கும் அதில் சிறு பங்கு உண்டு.

இத்தகைய தேர்வில் இளஞ்செடிகளைப் பிடுங்கி, வேரைக் காயப்படுத்தி, கிருமி கலந்த நீரில் நனைத்து மீண்டும் நடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து ஆணிவேரை வெட்டிப் பார்க்கும்போது பட்டைக்கு அடியில் மஞ்சள் பழுப்பு வளையம் தெரிந்தால் அந்தச் செடி கழிக்கப்படும். வேர் வெண்மையாக இருக்கும் செடிகள் மட்டும் தேனீக்களின் துணையோடு தம்முள் கலக்கவிடப்பட்டு, அவற்றின் விதை மறுபடியும் இதே சோதனைக்கு உள்ளாகும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் இம்முறைக்குச் சுழல் தேர்வு என்று பெயர்.

நெல்லைப் போல் ஒரே சிறந்த செடியைத் தன் மகரந்தத்தாலேயே பெருக்கி இரகமாக்குவது இங்கு இயலாது. ஒவ்வொரு குரோமோசோமும் நான்கு படிகளாக அமைந்த இப்பயிர், அயல் மகரந்தச் சேர்க்கையில் வாழ்வது. நெருங்கிய உறவில் கலந்தால் வீரியம் இழந்துவிடும். ஆகவே குதிரைமசாலில் இரகம் என்பது, தேர்ந்த பல தாய்ச்செடிகளின் கூட்டுச் சந்ததியாகும். இதைக் கூட்டு இரகம் என்பர். எதிர்ப்புத் திறனும் அச்சந்ததியில் எத்தனை விழுக்காட்டுச் செடிகள் தாங்குகின்றன என்பதைக் கொண்டே அளக்கப்படுகிறது: 31 முதல் 50 விழுக்காடு தாங்கினால் 'எதிர்ப்புடையது', அதற்கு மேற்பட்டால் 'மிகுந்த எதிர்ப்புடையது' என்று அமெரிக்காவில் தரம் பிரிக்கிறார்கள். பாதிச் செடிகள் பிழைத்தால் போதுமா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் அடர்த்தியாக விதைத்த வயலில், நோயுற்றவை மடிந்தபின் எஞ்சியவை கிளைத்து இடத்தை நிரப்பிக்கொள்வதால், விளைச்சல் பெரிதும் குறைவதில்லை.

பல இடங்களில், பல ஆண்டுகள் விளைச்சலும் குளிர்தாங்கும் திறனும் சோதிக்கப்பட்ட பிறகே இரகம் வெளியிடப்படுகிறது. அதன் பின்னர் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்கப்பட்டே அது உழவரை அடைகிறது. அதற்குள் வேறொரு நோய் வந்துவிடுவதும் உண்டு. 1976இல் வாஷிங்டன் மாநிலத்தில் வெர்டிசிலியம் பூஞ்சை வாடல் கண்டறியப்பட்டபோது, பாக்டீரியாவைத் தாங்கிய இரகங்களையும் இந்தப் பூஞ்சைக்கு எதிராகப் புதிதாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.