எரிமலைக் குட்டையின் சிவப்பு இறால்

இறால் என்றதும் உங்களுக்குக் குழம்புதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் நான் சொல்லப்போகும் இறாலைக் குழம்பில் போட்டால், அதைத் தேடவே பூதக்கண்ணாடி வேண்டும். முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது.

இதன் ஊர் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள். பெயர் ‘ஓபாய் உலா’. அந்த ஊர் மொழியில் ஓபாய் என்றால் இறால், உலா என்றால் சிவப்பு. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கறுப்புப் பாறைகளில், கடலோரமாகச் சின்னச் சின்னக் குட்டைகள் உண்டு. பாறை வெடிப்புகள் வழியே ஒரு பக்கம் கடல்நீர் ஊறிவரும், இன்னொரு பக்கம் மழைநீர் கசிந்துவரும். கடலுக்கும் குட்டைக்கும் நடுவே வாய்க்கால் எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் கடலில் ஓதம் ஏறினால் குட்டையிலும் நீர் ஏறும்! கடல்நீரும் மழைநீரும் கலந்த இந்த நீர்தான் உவர்நீர். நம் பழவேற்காடு ஏரித் தண்ணீரும் இந்த வகைதான்.

இந்த இறாலை வீட்டில் வளர்க்க அதிகம் மெனக்கெட வேண்டாம். 10 லிட்டர் கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் கரடுமுரடான கல், ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும். நேர் வெயில் மட்டும் கூடாது. காற்றுக் குமிழி விடும் மோட்டார்கூட வேண்டாம். கல்லில் படரும் பாசியையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களையும் இறால் நாள் முழுக்கச் சுரண்டித் தின்னும். பாவம் பசிக்குமே என்று தீனியை அள்ளிப் போட்டால் தண்ணீர்தான் கெடும்.

உப்பில்தான் சூட்சுமம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். இந்த இறாலுக்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 15 கிராம் என்று வையுங்கள். சமையல் உப்பு ஆகாது, மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். 10 லிட்டருக்கு 150 கிராம். சரியா?

சில வாரங்களில் தண்ணீர் ஆவியாகி 8 லிட்டர் ஆகிவிட்டது. குறைந்த 2 லிட்டருக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள்? உப்புத் தண்ணீர் என்றுதான் பலரும் சொல்வார்கள். அங்கேதான் தப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பு எங்கும் போகாது, 150 கிராமும் தொட்டியிலேயே இருக்கும். மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் 180 கிராம், அடுத்த முறை 210 கிராம் என்று ஏறிக்கொண்டே போகும். அதனால் ஊற்ற வேண்டியது உப்பில்லாத, குளோரின் கலக்காத சுத்தமான தண்ணீர். உப்பளத்தில் உப்பு விளைவதும் இதே கணக்கில்தான். தொட்டி ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துவிடும்.

நிம்மதியாக இருக்கும்போது இறால் செக்கச்செவேல் என்றிருக்கும். மிரண்டால் நிறம் வெளுத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தாய் இறால் முட்டைகளை வயிற்றடியில் ஒரு மாதத்துக்கு மேல் சுமக்கும். பொரித்த குஞ்சு முதலில் எதையும் தின்னாது. முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கருதான் அதன் கட்டுச்சோறு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்தக் குட்டி உயிர் பத்து ஆண்டுகளுக்கு மேல்கூட வாழும்.

மூடிய கண்ணாடி உருண்டைக்குள் இதே இறாலை அடைத்து மேசை அலங்காரமாக விற்பதும் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. திறக்கவே முடியாத வீட்டில் யாரால் நன்றாக வாழ முடியும்?

இன்னொன்று. துணைக்கு இருக்கட்டுமே என்று இந்தத் தொட்டியில் கப்பி மீனை விட்டுவிடாதீர்கள். ஹவாய்க் குட்டைகள் சிலவற்றில் மனிதர்கள் கப்பியையும் திலாப்பியாவையும் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குட்டைகளில் சிவப்பு இறால் இப்போது அந்த மீன்களுக்குப் பயந்து பகலெல்லாம் பாறை வெடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. இருட்டிய பிறகுதான் வெளியே வருகிறது.