அனைவருக்கும் திறந்த நிலையம்

ஈப்போ நகரின் நடுவே வெண்ணிறக் குவிமாடங்களுடன் எழுந்து நிற்கும் இரயில் நிலையத்தை ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்று மக்கள் அழைப்பர். ஆர்தர் பெனிசன் ஹப்பேக் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுப்பப்பட்ட இந்நிலையம் 1917ஆம் ஆண்டு நிறைவு பெற்றது. கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையத்தை வடிவமைத்தவரும் அவரே. நகருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம் ஒன்று நிலையத்தின் முன்னே நிற்கிறது.

நூறாண்டைக் கடந்த இக்கட்டடத்தின் அழகைப் புகழாதவர் இலர். எனினும், ஒரு நிலையத்தின் பயனை அளக்க அழகு மட்டும் போதாது. சக்கர நாற்காலியில் வருபவர், வெண்கோல் ஊன்றி வருபவர், முழங்கால் வலியோடு நடக்கும் முதியவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் அமர்த்தி வரும் தாய் ஆகியோர் பிறரின் கைத்தாங்கல் இல்லாமல் வண்டியேற முடிகிறதா என்பதே சரியான அளவுகோலாகும்.

பேராக் மாநிலத்துக்கும் இரயிலுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழைமையானது. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இன்று குவாலா செபெத்தாங் என அழைக்கப்படும் அத்துறைமுகத்துக்கு ஈயத்தைக் கொண்டு செல்வதே அப்பாதையின் நோக்கம். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டனர். பின்னர் நாடெங்கும் பாதைகள் நீண்டபோது தென்னிந்தியத் தமிழர்கள் தண்டவாளம் பதித்தனர், அவற்றைப் பராமரித்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர். தோட்டங்களில் விளைந்த இரப்பரும் இரயில் வழியே துறைமுகங்களை அடைந்தது.

அக்கால நிலையங்களைத் திட்டமிட்டோர் நல்ல உடல்வலிமை உள்ள பயணியையே மனத்தில் கொண்டிருந்தனர். சிறிய ஊர்களில் நடைமேடை தாழ்வாக இருந்தது. பயணிகள் பெட்டியின் படிகளைப் பற்றி ஏற வேண்டியிருந்தது. மறுபக்க நடைமேடைக்குச் செல்வோர் தண்டவாளத்தைக் கடந்தே சென்றனர். வண்டிகள் மெதுவாகவும் குறைவாகவும் ஓடிய காலத்தில் இது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

மின்சார இரயில் வந்தபோது நிலைமை மாறியது. ரவாங்குக்கும் ஈப்போவுக்கும் இடையே இரட்டைத் தண்டவாளம் அமைக்கப்பட்டு, மேலே மின்கம்பி இழுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இ.டி.எஸ். எனப்படும் விரைவு மின்சார இரயில் சேவை ஈப்போவிலிருந்து தொடங்கியது. 2015ஆம் ஆண்டு அச்சேவை வடக்கே பாடாங் பெசார் வரை நீண்டது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை விரையும் வண்டிகள் ஓடும் பாதையை எவரும் நடந்து கடக்க இயலாது. எனவே, நடைமேடைகளை இணைக்க மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தேவைப்படுகிறது.

இங்குதான் புதிய தடை ஒன்று உருவாகிறது. மின்கம்பிக்கு மேலே பாலம் அமைய வேண்டுமாயின், அது மிக உயரமாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, பாலம் நடைமேடையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் எனில், ஏறுவதற்கு 47 படிகள் வேண்டும். மறுபக்கம் இறங்குவதற்கும் 47 படிகள். படிக்கு மாற்றாகச் சாய்தளம் அமைக்கலாமே என்று தோன்றலாம். பொதுவாக ஏற்கப்பட்ட அளவின்படி, சாய்தளத்தின் சரிவு 1:12 என்னும் விகிதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது, 1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் தேவை. 7 மீட்டர் உயர 84 மீட்டர் வேண்டும். இடையிடையே இளைப்பாறும் சமதளங்களையும் சேர்த்தால் அதன் நீளம் காற்பந்துத் திடலின் நீளத்தை நெருங்கிவிடும். அதனால்தான் இத்தகைய நிலையங்களில் மின்தூக்கி இன்றியமையாததாகிறது. விரைவான பயணத்துக்காகச் செய்யப்படும் மாற்றம், மின்தூக்கி இல்லையேல், சிலருக்குப் பயணத்தையே மறுத்துவிடும்.

ஒரு நிலையத்தை அனைவருக்கும் ஏற்றதாக்குவது மின்தூக்கியோடு முடிந்துவிடுவதில்லை. நடைமேடையின் உயரம் வண்டித் தளத்தின் உயரத்துக்கு ஈடாக இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி குறுகியதாக இருத்தல் வேண்டும். பயணச்சீட்டு முகப்பின் ஒரு பகுதி சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு எட்டும் உயரத்தில் அமைய வேண்டும். அறிவிப்புகள் ஒலியாகவும் எழுத்தாகவும் வெளிவர வேண்டும். செவித்திறன் குன்றியவருக்குத் திரையும், பார்வையற்றவருக்குக் குரலும் வழிகாட்டும்.

தரையில் பதிக்கப்படும் மஞ்சள் நிறக் கற்களை நாம் பல இடங்களில் கண்டிருப்போம். அவை வெறும் அலங்காரம் அல்ல. ஜப்பானியரான செய்இச்சி மியாக்கே 1965ஆம் ஆண்டு இவற்றை உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு ஒக்காயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள சாலையில் இவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் உள்ள கல் ‘இவ்வழியே செல்க’ என்றும், புள்ளிகள் உள்ள கல் ‘நில், கவனி’ என்றும் பாதத்துக்கும் வெண்கோலுக்கும் உணர்த்துகின்றன. நடைமேடையின் விளிம்பில் புள்ளிக் கற்கள் இருப்பதன் காரணம் இதுவே. அக்கற்களின்மீது பயணப் பெட்டியை வைப்பவர், தம்மை அறியாமலேயே ஒருவரின் வழியை மறித்துவிடுகிறார்.

கூடுதல் வாயில்களும் இதே அளவு முக்கியமானவை. இரயில் பாதை பல ஊர்களை இரண்டாகப் பிரித்துச் செல்கிறது. நிலையத்துக்கு ஒரு பக்கம் மட்டுமே வாயில் இருந்தால், மறுபக்கத்தில் குடியிருப்போர் நெடுந்தொலைவு சுற்றி வர வேண்டும். நல்ல கால்களுக்கு அது பத்து நிமிட நடை. ஊன்றுகோலோடு நடப்பவருக்கு அது கடக்க முடியாத தூரம். ஆபத்து வேளையில் வாயில்களின் எண்ணிக்கை உயிரையே காக்கும். 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மும்பையின் எல்பின்ஸ்டன் சாலை நிலையத்தில், மழைக்கு ஒதுங்கியவர்களால் குறுகிய நடைபாலம் நிறைந்தது. அங்கு ஏற்பட்ட நெரிசலில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே அங்கு இன்னொரு பாலம் எழுப்பப்பட்டது. நடைமேடையில் உள்ள அனைவரும் 4 நிமிடங்களுக்குள் அதைவிட்டு வெளியேறவும், 6 நிமிடங்களுக்குள் பாதுகாப்பான இடத்தை அடையவும் வழி இருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் பாதுகாப்பு நெறியாகும்.

பழைய நிலையங்களைத் திருத்தியமைப்பது உலகின் பெருநகரங்களுக்கும் எளிதாக இல்லை. நியூயார்க்கின் சுரங்க இரயில் 1904ஆம் ஆண்டு தொடங்கியது. அங்குள்ள நிலையங்களில் பெரும்பாலானவற்றில் நெடுங்காலம் மின்தூக்கி இல்லை. 2055ஆம் ஆண்டுக்குள் 95 விழுக்காட்டு நிலையங்களை அனைவருக்கும் ஏற்றனவாக மாற்றுவதாக அந்நகரின் போக்குவரத்து நிறுவனம் 2022ஆம் ஆண்டு உடன்பட்டது. தரைக்கடியில் மின்தூக்கி அமைக்க வேண்டுமாயின், குழாய்களையும் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். வண்டிகளை நிறுத்தாமலே வேலையை முடிக்க வேண்டும். கோலாலம்பூரின் அம்பாங் இலகு இரயில் வழித்தடம் 1996ஆம் ஆண்டு தொடங்கியபோதும் இவ்வசதிகள் போதவில்லை. மின்தூக்கிகள் பின்னரே பொருத்தப்பட்டன. முதலிலேயே திட்டமிடுவதைவிடப் பின்னர்த் திருத்துவதற்கே செலவு மிகுதி என்பதை இவ்வனுபவங்கள் உணர்த்துகின்றன.

பேராக் நிலையங்கள் தரைமட்டத்தில் அமைந்திருப்பதால் இங்குப் பணி சற்று எளிது. ஆயினும், மரபுக் கட்டடங்களின் அழகைக் குலைக்காமல் மாற்றம் செய்தல் வேண்டும். இதற்கு இரண்டு வழிகளை இம்மாநிலத்திலேயே காணலாம். ஈப்போவில் புகழ்பெற்ற முகப்பு காக்கப்பட, தண்டவாளப் பகுதி மின்சார இரயிலுக்கு ஏற்பப் புதுப்பிக்கப்பட்டது. தைப்பிங்கில் பழைய நிலையக் கட்டடம் பேணப்பட்டு, அதனருகே புதிய நிலையம் எழுந்தது. பழைமையைக் காப்பதும் பாதையைத் திறப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இவை காட்டுகின்றன.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொதுக் கட்டடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பிறரைப் போலவே பயன்படுத்தும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு என்று கூறுகிறது. எனவே, சாய்தளமும் மின்தூக்கியும் இரக்கத்தால் அளிக்கப்படும் சலுகைகள் அல்ல. அவை உரிமையின் பகுதிகள். கட்டணத்தில் கழிவு கிடைத்தும் வண்டியில் ஏற முடியாவிட்டால் அக்கழிவால் என்ன பயன்?

இவ்வுரிமை முழுமை பெற, பயணம் முழுவதையும் ஒன்றாக நோக்க வேண்டும். தோட்டங்கள் பல மூடப்பட்டும் கைமாறியும் போனபின், இளையோர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். பெற்றோரும் தாத்தா பாட்டியரும் சுங்கை சிப்புட், பத்து காஜா, கம்பார் போன்ற ஊர்களின் அருகே தங்கிவிட்டனர். மூத்தோர் விழுக்காடு மிகுந்த மாநிலங்களுள் பேராக்கும் ஒன்று. தோட்டத்து முதியவர் ஒருவர் மருத்துவரைக் காணவோ பிள்ளைகளைப் பார்க்கவோ புறப்பட்டால், வீட்டு வாசல், பேருந்து நிறுத்தம், நிலைய முகப்பு, மேம்பாலம், நடைமேடை, வண்டி என ஒவ்வொன்றையும் கடக்க வேண்டும். ஐந்து இடங்களில் வழி சீராக இருந்தும் ஆறாவது இடத்தில் ஒரு படி தடுத்தால், பயணம் அங்கேயே நின்றுவிடும். யானை நுழைந்த வாயிலில் வால் மாட்டிக்கொண்ட கதைதான் அது.

ஆகவே, கட்டுவதோடு கடமை முடிவதில்லை. மின்தூக்கி பழுதானால் விரைந்து சீர்செய்யப்பட வேண்டும். அதுவரை மாற்றுவழி எது என்பதைப் பயணி அறியுமாறு எழுதி வைக்க வேண்டும். சாய்தளத்தின் குறுக்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தக் கூடாது. புதிய வாயிலைத் திட்டமிடும்போதே அதைப் பயன்படுத்தப்போகும் மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் அழைத்து அவர்தம் கருத்தைக் கேட்க வேண்டும். எந்த இடத்தில் வழி தடைப்படுகிறது என்பதை அன்றாடம் அவ்வழியே செல்ல முயல்பவரே நன்கு அறிவார். அன்று தண்டவாளம் பதித்த கைகளின் வழிவந்தோர் இன்று முதுமையிலும் அதே பாதையில் தடையின்றிப் பயணம் செய்ய முடிந்தால், நிலையத்தின் குவிமாடங்களுக்கு அதுவே மேலும் அழகு சேர்க்கும்.