துருவும் தேய்மானமும்: பிரேக் டிஸ்க்கை எப்போது மாற்றுவது?

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்குக் கீழே கார்கள் நிறுத்திய இடத்திலேயே வாரக்கணக்கில் நின்றன. மே மாதம் கட்டுப்பாடு தளர்ந்து சாவியைத் திருப்பியவர்களில் பலருக்கு முதல் தொல்லை செத்துப்போன பேட்டரி. அடுத்தது சக்கரத்தின் இடைவெளி வழியாகக் கண்ணில் பட்டது. பளபளத்துக்கொண்டிருந்த பிரேக் டிஸ்க் செங்காவி நிறத்துக்கு மாறியிருந்தது. வண்டி நகர்ந்ததும் கரகரவென்று ஒரு சத்தம்.

டிஸ்க் போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்ற பயம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பெரும்பாலான கார்களுக்கு அதற்குத் தேவையே இருக்கவில்லை. ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பத்துப் பன்னிரண்டு முறை பிரேக்கை அழுத்தியதும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் அந்தத் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டது. அதே நாட்களில், துருவே இல்லாமல் கண்ணாடி மாதிரி மின்னிய டிஸ்க்குகளுடன் ஓடிக்கொண்டிருந்த சில கார்கள்தான் உண்மையில் ஆபத்தில் இருந்தன. அவற்றின் டிஸ்க் தேய்ந்து மெலிந்திருந்தது. அதைச் சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சாலாக் செலாத்தான், சுங்கை பீசி, ஜாலான் சான் சோவ் லின் என்று கோலாலம்பூரின் தென்பகுதியில் பட்டறைகளும் உதிரிபாகக் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. கார் வைத்திருப்பவர் அங்கே போய் நிற்கும்போது அவர் கையில் இருக்க வேண்டிய தகவல் ஒன்றே ஒன்று: இந்த டிஸ்க் இப்போது எத்தனை மில்லிமீட்டர்?

சாதாரணக் கார்களின் டிஸ்க் சாம்பல் நிற வார்ப்பிரும்பால் ஆனது. வார்ப்பிரும்பு வெப்பத்தை நன்றாக உள்வாங்கும், நன்றாகக் கடத்தும், விலையும் குறைவு. துருப்பிடிப்பது அதன் குறை. பேட் உரசும் இடத்தில் பெயிண்ட் பூச முடியாது என்பதால் அந்த இரும்பு எப்போதும் வெற்று இரும்பாகவே இருக்கிறது. மாலையில் இடி மழை, இரவு முழுக்க ஈரக் காற்று என்று வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில், கழுவி நிறுத்திய கார்கூட மறுநாள் காலையில் மெல்லிய துருப் படலத்தோடு நிற்கும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு டிஸ்க்கை அரித்துத் தின்றுவிடும். அங்குள்ளவர்கள் துருவைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. போர்ட் கிள்ளான் கடலோரத்தில் நாள் முழுக்க நிற்கும் வண்டிகளை விட்டுவிட்டால், மலேசியச் சாலைகளில் அந்தக் கவலை அவ்வளவு பெரிதில்லை.

டிஸ்க்கின் வேலை என்ன என்று பார்த்தால் தடிமன் ஏன் முக்கியம் என்பது விளங்கும். ஓடும் காரின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதுதான் அதன் வேலை. வேகம் இரண்டு மடங்கானால் அந்த ஆற்றல் நான்கு மடங்காகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு டன் எடையுள்ள கார் நிற்பதற்கு, 55இல் போகும்போது உண்டாவதைப் போல நான்கு மடங்கு வெப்பத்தை டிஸ்க் தாங்க வேண்டும். மலை இறக்கத்தில் கணக்கு இன்னும் கடுமையானது. அதே கார் 100 மீட்டர் உயரம் இறங்குவதற்குள் வெளியாகும் ஆற்றல், ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கெந்திங் மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர். அதில் ஆயிரம் மீட்டரைத் தாழ்ந்த கியர் போடாமல் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், கிட்டத்தட்ட 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் சக்கரங்களுக்குள் போகிறது. அதில் பெரும்பங்கை முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகள்தான் வாங்கிக்கொள்கின்றன.

மெலிந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு. இரும்பு குறைந்தால் அதே வெப்பத்துக்கு அது சீக்கிரம் சூடாகிறது. மேற்பரப்பில் நீலத் திட்டுகள் தோன்றும், பிறகு மயிரிழை போல வெடிப்புகள் விழும். இன்னொரு பக்கம், பேட்டுகளைத் தாங்கும் காலிப்பரில் உள்ள பிஸ்டன் வழக்கத்தைவிட அதிகமாக வெளியே வந்து பேட்டைத் தள்ள வேண்டியிருக்கும். தேய்ந்த டிஸ்க்கோடு தேய்ந்த பேட்டும் சேர்ந்துகொண்டால் பிஸ்டன் தன் எல்லையையே நெருங்கிவிடும்.

ஆகவேதான் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் என்று ஓர் அளவைத் தயாரிப்பாளர் விதிக்கிறார். பெரும்பாலும் டிஸ்க்கின் ஓரத்திலோ, நடுவே தொப்பி போல் எழும்பியிருக்கும் பாகத்திலோ அது பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாக இருக்கும்போது 22 மில்லிமீட்டர் உள்ள டிஸ்க்குக்கு 20 என்பது வழக்கமாகக் காணப்படும் எல்லை. ஒரு டிஸ்க்கின் வாழ்நாள் முழுவதற்கும் கிடைப்பது இரண்டே மில்லிமீட்டர், பக்கத்துக்கு ஒன்று. சிறிய கார்களில் இந்த எண்கள் வேறாக இருக்கும். அந்தந்தக் காருக்கு உரிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. டிஸ்க்கின் வெளி ஓரத்தைப் பேட் தொடுவதில்லை. அங்கே தேய்மானம் இல்லாமல் துருவும் சேர்ந்து ஒரு வரப்பு எழும்பி நிற்கும். வெர்னியரின் தாடையை அந்த வரப்பின்மேல் வைத்து அளந்தால் தேய்ந்த டிஸ்க்கும் தடிமனாகக் காட்டும். வரப்பைத் தாண்டி, பேட் உரசும் இடத்தில், மைக்ரோமீட்டரால் நாலைந்து புள்ளிகளில் அளக்க வேண்டும். நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தால் வரப்பு எவ்வளவு உயரம் என்பது யாருக்கும் தெரியும். எண் கிடைக்காது, ஆனால் அளக்க வேண்டிய காலம் வந்துவிட்டதா என்பதை அது சொல்லிவிடும்.

பேட் விஷயத்தில் கணக்கு எளிது. புதுப் பேட்டின் உராய்வுப் பொருள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுவதே நல்லது. பல பேட்டுகளில் சிறு இரும்பு நாக்கு ஒன்று பொருத்தியிருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் அடுத்து வருவது இரும்போடு இரும்பு உராயும் ஓசை. அப்போது பேட்டோடு டிஸ்க்கும் போகும். பட்டறையில் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: வெளிப் பேட்டை மட்டும் பார்த்தார்களா, உட்பேட்டையும் பார்த்தார்களா? காலிப்பர் நகரும் பின்னில் கிரீஸ் காய்ந்து இறுகிவிட்டால், வெளிப் பேட் பாதி மிச்சமிருக்கும்போதே உட்பேட் தகடுவரை தேய்ந்திருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

பேட் கத்துவது டிஸ்க் பிரேக்கோடு கூடப் பிறந்த குறை. பிரிட்டனின் பர்மிங்காமில் கார் கட்டிய ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். உலோகத்தோடு உலோகம் உரசியதால் காதைப் பிளக்கும் சத்தம். ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கல்நார் கலந்த உராய்வுப் பொருளைக் கொண்டுவந்த பின்தான் அது அடங்கியது. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது உலகுக்கு விளங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் பிரேக் தூளைக் காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வது வேலை செய்பவருக்குத் தீங்கு. பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைப்பதே முறை.

மலேசியக் குடும்பங்களின் கார்களைப் பற்றி ஒரு சங்கதி உண்டு. தெருவுக்குத் தெரு நிற்கும் பெரோடுவா மைவிக்கும் புரோட்டோன் சாகாவுக்கும் பெரும்பாலும் முன் சக்கரங்களில்தான் டிஸ்க். பின்னால் டிரம். டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவைக் கழற்றாமல் பார்க்க முடியாது. ஆகவே முன் பேட்டை மூன்று முறை மாற்றியவர்கள்கூடப் பின்பக்கத்தை ஒருமுறையும் திறந்திருக்க மாட்டார்கள். ஹேண்ட் பிரேக் லீவர் வழக்கத்தைவிட உயரமாக ஏறி வந்தால், பின்பக்கத்தைத் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

சரி, துரு எப்போதுமே தீங்கில்லாததா? இல்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி கொட்டித் தீர்த்த மழையில் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளான் வட்டாரத்திலும் பல குடியிருப்புகளில் கார்கள் சேற்று நீரில் நாட்கணக்கில் கிடந்தன. அப்படிக் கிடந்த வண்டியின் துரு வேறு வகை. பேட் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் ஈரம் தேங்கி, பேட்டின் வடிவத்திலேயே டிஸ்க்கில் ஒரு தழும்பு விழும். ஓட்டும்போது சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் பெடலில் ஒரு தட்டு தட்டும். பேட் உரசும் பரப்பில் துரு குழி குழியாக அரித்திருந்தால் எத்தனை முறை பிரேக் பிடித்தாலும் அது போகாது. அந்தக் குழிகள் புதுப் பேட்டையும் அரத்தைப் போல ராவிவிடும். அடுக்கடுக்காக உரியும் துரு, குழி விழுந்த பரப்பு, டிஸ்க்கின் நடுவே காற்று போகும் துளைகளை அடைத்துக்கொண்ட துருக்கட்டி இவற்றில் எது இருந்தாலும் தடிமன் மிச்சம் இருக்கிறது என்று சமாதானம் சொல்லக்கூடாது. மாற்றத்தான் வேண்டும்.

இந்தத் தொல்லை இப்போது புது வடிவத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் பேட்டுக்கு வேலை குறைவு. பேட் நீண்ட நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் உரசாத டிஸ்க்கில் துரு தங்கிவிடுகிறது. புரோட்டோன் தன் முதல் மின்சாரக் காரான இ.மாஸ் 7ஐ 2024 டிசம்பரில் அறிமுகப்படுத்தியது. அத்தகைய கார் வாங்கியவர்கள் வாரம் ஒருமுறையாவது, பின்னால் வண்டி வராத இடத்தில், பெடலை நன்றாக அழுத்திப் பிடித்து டிஸ்க்கைத் துடைத்துக்கொள்வது நல்லது. ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின்பக்கத்துக்கு டிரம்மையே தேர்ந்தெடுத்ததற்குத் துருவும் ஒரு காரணம்.

பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசப்பட்டாலே கையில் நடுக்கம் தெரியும். சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் ஹப்பில் துருவை ஒட்டவிட்டு அதன்மேல் டிஸ்க்கை மாட்டுவதும், சக்கரத்தின் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஏறுமாறாக இறுக்குவதும் இதற்கு வழி வகுக்கும். இங்கேதான் ‘ஸ்கிம்’ பண்ணும் யோசனை வருகிறது. கடைசல் இயந்திரத்தில் டிஸ்க்கைச் சீவிச் சமப்படுத்துவது தவறான வேலை அல்ல. சீவிய பிறகும் குறைந்தபட்சத் தடிமனுக்கு மேலே இருந்து, அடுத்த பேட் தேயும்வரை தாங்கும் அளவு மிச்சம் இருந்தால் ஸ்கிம் பண்ணலாம். எல்லைக்கு அருகில் இருப்பதைச் சீவுவது காசைக் கொடுத்து ஆபத்தை வாங்குவது. ஸ்கிம் பண்ணுமுன் ஓர் அளவு, பண்ணிய பின் ஓர் அளவு என்று இரண்டையும் ரசீதில் எழுதித் தரக் கேட்கலாம். நல்ல பட்டறைக்காரர் மறுக்க மாட்டார்.

இவ்வளவும் கார் வைத்திருப்பவர் தலையில் விழுவதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் மூன்று வயது கடந்த கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். மலேசியாவில் பேருந்துக்கும் லாரிக்கும் தவணைமுறைச் சோதனை உண்டு, இ-ஹெய்லிங் கார்களுக்கும் உண்டு. சொந்தக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்தின் வாசலுக்குப் போகும் நாள்வரை, பதினைந்து வருடக் காரின் பிரேக்கை அதிகாரபூர்வமாக யாரும் பார்க்காமலே இருந்துவிடலாம். தீபாவளிக்கு அந்தக் கார்தான் ஐந்து பேரையும் பலகாரப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கோ சுங்கைப் பட்டாணிக்கோ புறப்படுகிறது. ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப் பாதையின் நீண்ட இறக்கத்தில்தான் மெலிந்த டிஸ்க் தன்னைக் காட்டிக்கொடுக்கும். தனிக் கார்களுக்கும், குறிப்பிட்ட வயதுக்குப் பிறகாவது, கட்டாயச் சோதனை வந்தே ஆக வேண்டும்.

டிஸ்க்கையும் பேட்டையும் கவனிக்கும்போது பிரேக் எண்ணெயை மறந்துவிடுகிறோம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 140தான். டாட் 4க்கு இவை 230, 155. கொதித்த எண்ணெயில் குமிழி தோன்றினால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்.

டிஸ்க்கையோ பேட்டையோ மாற்றும் நாளில் கவனிக்க வேண்டியவை சில. ஒரே அச்சின் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறமாக இழுக்கும். புது டிஸ்க் போட்டால் புதுப் பேட்டும் போட வேண்டும். பழைய பேட்டில் பழைய டிஸ்க்கின் வரிகள் பதிந்திருக்கும். பெட்டியின் மேல் ஆர்90 என்ற ஐநா ஒப்புதல் எண் உள்ளதா என்று பார்க்கலாம். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் காப்பு எண்ணெயைத் துடைத்துவிட்டு மாட்டுகிறார்களா, ஹப்பைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்களா என்பதை அருகில் நின்று பார்க்கலாம். கழற்றிய பழைய டிஸ்க்கைக் காட்டச் சொல்லி, அளந்து பார்க்கவும் உரிமை உண்டு.

புதுப் பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மிதமான வேகத்திலிருந்து சீராக அழுத்தி வேகத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும்; டிஸ்க் சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடியே நிற்கக் கூடாது. பேட் மாற்றிய அன்றே கெந்திங்குக்குக் கிளம்ப வேண்டாம்.