முட்டுக்காட்டு நீரில் நூறு சென்சார்கள்

பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் மழைநீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே வந்து, முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் இடையே கடலைச் சேர்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் தென்சென்னையின் வெள்ளம் வடியத் தாமதமாகும். முட்டுக்காட்டுக் கழியின் உப்பு மாறும், அதையொட்டி மீனும் இறாலும் வரும், போகும். இந்த நீரை ஓரிடத்தில் மட்டும் அளந்து எதையும் அறிந்துவிட முடியாது. நீர்மட்டம், உப்பு, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் பல இடங்களில் இரவு பகலாக அளக்க வேண்டும். கம்பியில்லா சென்சார் வலையமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கரையில் இல்லை என்பேன்.

பத்து சென்சார்களை மிதக்கவிடுவது எளிது. நூறு, ஐந்நூறு என்று பெருகும்போதுதான் சிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய பேட்டரிதான் உயிர். அளப்பதைவிட, அளந்ததை ரேடியோவில் அனுப்பும்போதுதான் பெரும்பாலும் அது வேகமாகத் தீர்கிறது.

இதற்கு 2000 ஜனவரியில் ஒரு வழி வெளியானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் அதை எழுதினார்கள்: வென்டி ஹெய்ன்செல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஹரி பாலகிருஷ்ணன். முறையின் பெயர் 'லீச்'. அவர்கள் கொண்ட கணக்குப்படி ஒரு பிட் தகவலை 20 மீட்டருக்கு அனுப்ப 90 நானோஜூல் போதும்; 100 மீட்டருக்கு 1,050 வேண்டும். தூரம் ஐந்து மடங்கானால் செலவு ஏறத்தாழ 12 மடங்கு. ஆகவே எல்லாக் கருவிகளும் செய்தி வந்து சேரும் கரை நிலையத்தை நோக்கிக் கூவ வேண்டாம். அக்கம்பக்கத்துக் கருவிகள் ஒரு குழுவாகி, தங்களுள் ஒன்றைத் தலைவராக்கி அதனிடம் சொன்னால் போதும். தலைமைக் கருவி எல்லாவற்றையும் சுருக்கி ஒரே செய்தியாகக் கரைக்கு அனுப்பும்.

ஆனால் தலைமை ஏற்கும் கருவியின் பேட்டரிதானே முதலில் சாகும்? லீச்சின் அழகே இங்குதான். நூறில் சுமார் ஐந்து கருவிகள் ஒவ்வொரு சுற்றிலும் தலைமை ஏற்கும். குலுக்கல் சீட்டில் ஒருமுறை எடுத்தவர் பெயர், எல்லோரும் எடுத்து முடியும்வரை மறுபடி குலுக்கலில் வராது, இங்கும் அப்படியே. இருபது சுற்றில் எல்லாக் கருவிகளும் ஒருமுறை பாரம் சுமந்திருக்கும். இதில் மேலாளர் யாரும் இல்லை. ஒவ்வொரு கருவியும் தானே முடிவெடுப்பதால் எண்ணிக்கை பெருகினாலும் முறை திணறுவதில்லை.

குறைகளும் உண்டு. எந்தத் தலைமைக் கருவியும் நேரடியாகக் கரையை எட்டிவிடும் என்று லீச் எடுத்துக்கொள்கிறது. நீண்டு கிடக்கும் கழியில் அது நடக்காது. யாரிடம் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதையும் குலுக்கல் பார்ப்பதில்லை. 2004இல் வந்த 'ஹீட்' முறை அதைப் பார்த்துத் தலைவரைத் தேர்ந்தது. தலைவர்கள் ஒருவர் வழியாக ஒருவர் செய்தியைக் கடத்தும் முறைகளும் வந்தன. அவற்றில் கரையை ஒட்டிய கருவிகளுக்கே வேலை அதிகம். அவை முதலில் ஓய்ந்தால் தூரத்துக் கருவிகள் பேசியும் பயனில்லை.

இப்படித் திரட்டி அனுப்பும் வலையமைப்பைக் களத்தில் பார்க்க மூணாறு போகலாம். அங்கே அந்தோணியார் காலனிச் சரிவில் நிலச்சரிவைக் கண்காணிக்க அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்த வலையமைப்பு இரண்டு அடுக்கு கொண்டது: கீழடுக்கு அளக்கும், மேலடுக்கு திரட்டி அனுப்பும்.

முட்டுக்காட்டில் இதை அமைப்பதானால், இந்தக் கருவிகளின் ரேடியோ அலை உப்புநீரில் அதிக தூரம் ஊடுருவாது. ஆகவே உணரும் முனை நீருக்குள்ளும் ஆன்டெனா மிதவைக்கு மேலும் இருக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலம் கழியைக் கடக்கும் இடத்தில் உயரமும் உண்டு, மின்சாரத்துக்கும் வழி செய்யலாம். செய்தி வந்து குவியும் நிலையத்தை அங்கே வைத்து, அதை ஒட்டிய மிதவைகளுக்கு மட்டும் சோலார் பலகை பொருத்தினால், முதலில் ஓயக்கூடிய கருவிகளின் ஆயுள் நீளும்.